பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றின் ஆலோசகர் அறை: ஆலோசகருக்கு நாலரை, அறைக்கு ஒன்றரை

சமாதானபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது போர்டில் மட்டும்தான், பிழைப்பு ஓடுவது ஆன்லைன் விண்ணப்பத்தில். மே, ஜூன் மாதங்களில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் பெற்றவர்களும் கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். என்ஜினியரிங், வேளாண்மை, சட்டம், கலைக்கல்லூரி என்று எவன் எதில் சேர்ந்தான், எவன் எந்தச் சான்றிதழ் இல்லாமல் கோட்டைவிட்டான் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. அதனால், பையன் படிக்கிற பள்ளியில் ஆலோசகர் ஒருவரைப் போட்டிருக்கிறோம், பெற்றோர் வந்து பார்க்கவும் என்று குறுஞ்செய்தி வந்தபோது, இவர் என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறார் பார்ப்போம் என்ற நினைப்போடுதான் போனேன்.

பள்ளியின் பெயர் வேண்டாம். பாளையங்கோட்டையில் நூறு வருஷம் தாண்டிய உதவிபெறும் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை, அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னவன் பிளஸ் ஒன், பயோ-மேக்ஸ் குரூப். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். காலாண்டில் இயற்பியல் தட்டுத்தடுமாறித் தேறினான், வேதியியலில் அதுவும் இல்லை. திங்கள்கிழமை காலையில் வயிற்றுவலி என்பான். டாக்டரிடம் காட்டி, ஸ்கேன் எடுத்து, ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகும் அடுத்த திங்களும் வயிற்றுவலி. வகுப்பாசிரியர்தான் அவனை ஆலோசகரிடம் அனுப்பியிருக்கிறார். எங்களுக்கே அது பிறகுதான் தெரியும்.

ஆலோசகர் முப்பது வயதுக்குள் இருக்கிற பெண். உளவியலில் முதுகலை. சங்கரன்கோவில் பக்கத்து ஊர், தினமும் பஸ்ஸில் வந்து போகிறார். நாங்கள் உட்கார்ந்ததும் அறிவுரை தொடங்கும், "பிள்ளைங்கள நண்பன் மாதிரி நடத்தணும் சார்" என்ற வகையறா வரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கட்டம் போட்ட ஒரு தாளை மேஜையில் எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஏழு நாள், நாளுக்கு இருபத்துநாலு கட்டம். பையனே நிரப்பியது. பள்ளிக்கூடம் ஒரு நிறம், ட்யூஷன் ஒரு நிறம், பஸ், சாப்பாடு, தூக்கம் எல்லாம் தனித்தனி நிறம். விடிகாலை ஐந்தரைக்கு மகாராஜ நகரில் ஒரு ட்யூஷன், சாயங்காலம் இன்னொன்று, ராத்திரி ஒன்பதரைக்கு மேல் நீட்டுக்கு ஆன்லைன் வகுப்பு. விளையாட்டு என்று ஒரு நிறத்துக்குப் பெயர் எழுதிவைத்திருந்தான். தாளில் அந்த நிறம் எங்குமே இல்லை.

"எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தானே மேடம் ஓடுது?" என்றேன்.

"மத்த பிள்ளைகளப் பத்தி நான் இப்பம் பேசல சார். இவன் வாரத்துக்கு எத்தன மணி நேரம் தூங்குதான்னு மட்டும் நீங்களே கூட்டிப் பாருங்க."

கூட்டினேன். நாற்பதுகூட வரவில்லை. என் வீட்டுக்காரி அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். இப்போது அது எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது, ரேஷன் கார்டோடு.

அதற்கு மேல் அவர் செய்ததெல்லாம் அறைக்கு வெளியே செய்த காரியங்கள். என் பார்வையில் இந்தச் சேவையின் மதிப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. விடிகாலை ட்யூஷனை நிறுத்தலாமா என்று எங்களைக் கேட்டார். நிறுத்தினால் இயற்பியல் என்னாகும் என்று நாங்கள் கேட்பதற்கு முன்பே இயற்பியல் வாத்தியாரிடம் பேசிவைத்திருந்தார். அவர் மதிய இடைவேளையில் ஏழெட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கணக்குகளைப் போட்டுக் காட்ட ஒத்துக்கொண்டார். காசு கிடையாது. அந்த வாத்தியாரை வருஷக்கணக்கில் எனக்குத் தெரியும், கடைக்கு வினாத்தாள் நகலெடுக்க வருபவர்தான். அவரிடம் இப்படி ஒன்றைக் கேட்கலாம் என்று ஒரு பெற்றோருக்கும் தோன்றியதில்லை. குரூப் மாற்றலாமா என்றும் கேட்டோம். காலாண்டு முடிந்த பிறகு அது லேசில் நடக்காது என்று மழுப்பாமல் சொல்லிவிட்டு, "இந்த குரூப்ப வச்சே எங்கெல்லாம் போகலாம்னு பாப்போம்" என்றார்.

இங்கேதான் நான் காத்திருந்தேன். என் தொழில் அல்லவா. கொஞ்சம் சோதித்தும் பார்த்தேன்.

உதவிபெறும் பள்ளியில் படிக்கிற பிள்ளையைப் பிளஸ் ஒன்னில் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் மருத்துவத்தில் ஏழரை சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்காது, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், கட்டாயக் கல்விச் சட்டத்தில் எட்டு வரை தனியாரில் படித்தவர்களுக்கு மட்டும் தனி விதி என்றார். சரியான பதில். இந்த ஒரு விஷயத்தில் ஏமாந்து நல்ல பள்ளியை விட்டுப் பிள்ளையை மாற்றிய குடும்பங்களை ஒவ்வொரு வருஷமும் கடையில் பார்க்கிறேன். கல்லூரியில் சேர்ந்தால் அரசு மாதாமாதம் தருகிற தமிழ்ப் புதல்வன் ஆயிரம் ரூபாய் உதவிபெறும் பள்ளிப் பையன்களுக்கு உண்டா என்றேன். தமிழ் வழியில் படித்திருந்தால் உண்டு என்றார். அதுவும் சரி. கடைசியாக, அக்கா பட்டதாரியாக இருந்தால் தம்பிக்கு முதல் பட்டதாரிச் சான்று கொடுப்பார்களா என்றேன். ஒரு நிமிஷம் யோசித்தார். "தெரியல சார், கேட்டுச் சொல்லுதேன்" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். கொடுக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பையனிடம் துண்டுச்சீட்டில் சரியான பதில் வந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வழிகாட்டியை இந்த ஊரில் நான் பார்த்தது அபூர்வம்.

பயோ-மேக்ஸ் எடுத்தால் நீட், நீட் கிடைக்காவிட்டால் என்ஜினியரிங், இரண்டைத் தவிர உலகம் கிடையாது என்பதுதான் நம் வீடுகளின் கணக்கு. அவர் பையனிடம் ஒரு தாளைக் கொடுத்து, நம் ஊரைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்று அவனையே எழுதச் சொல்லியிருக்கிறார். ராமையன்பட்டியில் 2012-ல் வந்த கால்நடை மருத்துவக் கல்லூரி. அதில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க் போதும். கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி. தூத்துக்குடியில் 1977-லிருந்து இருக்கிற மீன்வளக் கல்லூரி. பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி, அதற்கு நீட் வேண்டும். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் பிளஸ் டூ முடித்ததுமே ஐந்து வருஷப் படிப்பு, எந்த குரூப்பாக இருந்தாலும் சேரலாம். கடைக்கு வருகிறவர்களிடம் நானும் இதையெல்லாம் சொல்கிறேன்தான். ஆனால் ஜூன் மாதம், விண்ணப்பத்தின் கடைசி நாளில், பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது சொல்கிறேன். இவர் பிளஸ் ஒன் காலாண்டில் சொல்கிறார், அதுவும் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசு என்கிறார். அந்த ஏறக்குறைய இருபது மாத வித்தியாசம் ரொம்பப் பெரியது.

பையன் ஒரு சனிக்கிழமை கூட்டாளிகளோடு தூத்துக்குடி போய்விட்டு வந்து, மீன்வளம் படிக்கப்போகிறேன் என்றான். "ஏலே, மீன் பிடிக்கவா இம்புட்டுக் காசு கட்டிப் படிக்க வச்சோம்?" என்று அவன் அம்மா ஒரு வாரம் பேசவில்லை. இப்போது மீன்வளத்தை விட்டு வேறு எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறான். அது கிடக்கட்டும். திங்கள்கிழமை வயிற்றுவலி நின்றுவிட்டது. அரையாண்டில் வேதியியல் தேறினான். இயற்பியல் இன்னும் சுமார்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவன் அறைக்குள் என்ன பேசினான் என்று கேட்டேன். பெற்றவன் என்ற உரிமையில்தான். "அத அவன்தான் சொல்லணும் சார்" என்றார். வகுப்பாசிரியருக்கும் அதே பதில்தானாம். ஆனால் முதல் நாளே பையனிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: நீ பேசுவது என்னோடு இருக்கும், ஆனால் உன் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் சொல்லத்தான் செய்வேன், யாராவது உன்னிடம் தப்பாக நடந்தால் அதையும் சொல்லியாக வேண்டும், சட்டம் அப்படி. 2012-ன் போக்சோ சட்டத்தில் அதுதான் விதி, தெரிந்தவர் தகவல் கொடுத்தே ஆகவேண்டும், மறைத்தால் அது குற்றம். இதை ஒளிக்காமல் முன்கூட்டியே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பையனுக்கு அதைவிடப் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் தடவை போயிருக்கமாட்டான்.

நம் சீமையில் இந்த வேலைக்கு வேறொரு கனமும் உண்டு. கையில் கட்டுகிற கலர் கயிறு என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கோயில் கயிறு. இங்கே அது யார் எந்தச் சாதி, எந்தப் பக்கம் என்பதற்கான அடையாளம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப்படித்த மாணவர்களே ஒரு பையனையும் அவன் தங்கச்சியையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிறு, மோதிரம் கூடாது என்பதைத்தான் எல்லாரும் பேசினார்கள். 500 மாணவர்களுக்கு மேல் இருக்கிற பள்ளிகளில் நல அலுவலர் ஒருவரைப் போட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அதை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. எங்கள் பள்ளியில் கயிற்றுச் சண்டையில் இறங்கிய பையன்களையும் இவரிடம்தான் அனுப்புகிறார்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் கூப்பிடமாட்டாராம். ஒவ்வொருவனாகத் தனியே உட்காரவைத்து, கயிற்றைப் பற்றிப் பேச்செடுக்காமல், பள்ளிக்கு எந்த பஸ்ஸில் வருகிறாய், எந்த ஸீட்டில் உட்காருவாய், யார் உனக்கு இடம் போட்டு வைப்பார்கள் என்று கேட்பாராம். சண்டை தொடங்குவது பஸ்ஸில் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சங்கரன்கோவில் ரோட்டு பஸ்ஸில் வருகிறவர் அல்லவா.

இதுவரைக்கும் ஆலோசகர். இனி அறை.

அறை என்றால், ஆபீஸ் வராந்தாவின் கடைசியில் பிளைவுட் தட்டி அடித்துப் பிரித்த இடம். தட்டி மேலே முட்டாது, ஓர் ஆள் உயரத்தோடு நின்றுவிடும். உள்ளே வாலிபால் நெட், பழைய ரோல் நம்பர் பலகைகள், ஒரு ஹார்மோனியப் பெட்டி. பக்கத்திலேயே ஃபீஸ் கவுன்டர். ஃபீஸ் கட்ட வரிசையில் நிற்கிற அத்தனை பெற்றோரும் யார் உள்ளே போகிறான், எப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறான் என்று பார்க்கலாம். கொஞ்சம் காது கொடுத்தால் கேட்கவும் செய்யலாம். அன்றைக்கு நாங்கள் பேசியதில் பாதி, வரிசையில் நின்ற என் வாடிக்கையாளர் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் கடைக்கு வந்து, "என்ன அண்ணாச்சி, தம்பி சரியா தூங்க மாட்டேங்கானாமே?" என்று விசாரித்தார். உயிர்போனாலும் சொல்லமாட்டேன் என்று ஆலோசகர் வாயைக் கட்டிக்கொண்டு என்ன பயன், தட்டிக்கு மேலே அரையாள் இடைவெளி இருந்தால்?

இரண்டாவது, நாள் கணக்கு. வாரத்தில் மூன்று நாள்தான் வருகிறார். மற்ற நாட்களில் இதே நிர்வாகத்தின் இன்னொரு பள்ளி. இரண்டும் சேர்ந்தால் மாணவர் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டும். அமெரிக்காவில் பள்ளி ஆலோசகர்களின் சங்கம் 250 மாணவர்களுக்கு ஒருவர் என்று அளவு வைத்திருக்கிறது. அந்த ஊரிலேயே பல மாநிலங்கள் அதை எட்டவில்லை, நம் ஊரில் அதைக் கேட்பது பேராசைதான். ஆனாலும் ஒரு பள்ளிக்கு ஒருவர் என்பது பேராசை இல்லை. சிபிஎஸ்இ பள்ளிகளில் ஆலோசகர் இருந்தாக வேண்டும் என்று இணைப்பு விதியே இருக்கிறது. நூறு வருஷப் பெருமை பேசுகிற நிர்வாகங்கள் விதி வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன.

மூன்றாவதுதான் எனக்கு எரிச்சல். முடி வெட்டாமல் வந்தவன், சட்டையை டக் பண்ணாதவன், பிரேயருக்குப் பிந்தியவன் எல்லாரையும் "போய் கவுன்சிலிங்ல நில்லு" என்று அனுப்புகிறார்கள். காலை முதல் பீரியடில் அந்தத் தட்டிக்கு வெளியே ஒரு வரிசையே நிற்கிறது. பையன்கள் அதற்கு வைத்திருக்கிற பெயரை இங்கே எழுத முடியாது. உண்மையிலேயே நொந்துபோன ஒரு பையன் அந்த வரிசையில் போய் நிற்பானா? நிற்கமாட்டான். என் மகன் போனதே வகுப்பாசிரியர் மதியம் ஆளில்லாத நேரம் பார்த்துக் கூட்டிப்போனதால்தான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது மே மாதம். ஆலோசகருக்கு ஒப்பந்தம் ஜூன் முதல் ஏப்ரல் வரை. பிளஸ் டூ முடிவு வருவது மே மாதம். ஒரு பிள்ளைக்கு ஆலோசகர் மிக அவசியமாகிற அந்த வாரத்தில் அறை பூட்டிக் கிடக்கிறது. அந்த வாரம் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் தெரியுமா? என் கடையில். ரோல் நம்பரும் பிறந்த தேதியும் சொல்லி, நான் தட்டுகிற தட்டலில் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பெயிலான பிள்ளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. துணைத்தேர்வு அடுத்த மாதங்களிலேயே நடக்கும், வருஷம் போகாது, போன பாடத்தை மட்டும் எழுதினால் போதும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். ஒரு டீயை வாங்கிக் கொடுப்பேன். கூட வந்த பையனைத் தனியே கூப்பிட்டு, வீட்டுவரை கொண்டுவிட்டு வா என்பேன். ஒரு ஜெராக்ஸ்காரன் செய்யக்கூடியது அவ்வளவுதான். போன மே மாதம் இந்த ஆலோசகர் தானாகவே ஊரிலிருந்து போனில் சில பிள்ளைகளிடம் பேசியிருக்கிறார், சம்பளமில்லாமல். நல்ல மனசு. ஆனால் ஒரு பள்ளி நல்ல மனசை நம்பி மே மாதத்தை ஓட்டக் கூடாது.

மாற்று என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பள்ளிக்கல்வித் துறையின் 14417 இருக்கிறது. படிப்பு, தேர்வு, சேர்க்கை சந்தேகங்களுக்கு நல்லது, நானே கடையிலிருந்து கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன், பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். மனசு சரியில்லை என்றால் 104, இல்லாவிட்டால் டெலி-மானஸ் 14416. இரண்டிலும் தமிழிலேயே பேசலாம், காசில்லை, ராத்திரியும் எடுப்பார்கள். 18 வயசுக்குள் இருக்கிற பிள்ளைக்கு யாராலாவது தொந்தரவு என்றால் 1098. நாலு நம்பரையும் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கடைச் சுவரில், ரிசல்ட் பார்க்கிற கம்ப்யூட்டருக்கு நேர் மேலே ஒட்டியிருக்கிறேன். ஆனால் போனில் பேசுகிறவருக்கு இயற்பியல் வாத்தியாரைத் தெரியாது, மகாராஜ நகர் ட்யூஷன் தெரியாது. பள்ளிக்குள் ஓர் ஆள் இருப்பதற்கு அது ஈடாகாது.

தனியாரிலும் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் ஓர் இடத்தில் என் மைத்துனன் தன் மகளைக் கூட்டிப்போய், பத்து விரலையும் மெஷினில் வைத்து, மூவாயிரத்துச் சொச்சம் கட்டி, பளபளவென்று நாற்பது பக்க அறிக்கை வாங்கிவந்தான். இந்தப் பிள்ளைக்கு வலது மூளை இத்தனை சதவீதம், தலைமைப் பண்பு இத்தனை சதவீதம் என்று. கைரேகையை வைத்துப் பிள்ளை என்ன படிக்கும் என்று சொல்வதற்கு அறிவியலில் ஒரு ஆதாரமும் இல்லை. அதற்கு நாடி ஜோசியம் பார்த்திருந்தால் வைத்தீஸ்வரன்கோவிலாவது போய்வந்த மாதிரி இருந்திருக்கும். அதன் பைண்டிங் மட்டும் தரம் என்பதைத் தொழில்முறையில் ஒப்புக்கொள்கிறேன்.

சரி, மதிப்பெண். ஆலோசகருக்கு ஐந்துக்கு நாலரை. அரை மார்க் குறைத்தது, அவர் அப்பாக்களிடம் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பேசலாம் என்பதற்காக. என்னிடம் பேசிய தொனியில் எங்கள் தெரு பஞ்சாயத்துத் தலைகளிடம் பேசினால் எடுபடாது. பள்ளி அவருக்குக் கொடுத்திருக்கிற அறை, நாட்கள், ஒப்பந்தம் எல்லாம் சேர்த்து ஒன்றரை. தட்டியை மேற்கூரை வரைக்கும் ஏற்றினால் இன்றைக்கே அரை மார்க் கூட்டிப் போடுகிறேன், பிளைவுட்டுக்கு நானே பாதிப் பணம் தருகிறேன் என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து சொல்லியும் ஆயிற்று. குறித்துக்கொண்டோம் என்றார்கள்.

போக நினைக்கிறவர்களுக்கு: செவ்வாய், புதன், வெள்ளி. காலையில் போகாதீர்கள், முடிவெட்டாத வரிசை முடியப் பத்தரை ஆகிவிடும். பன்னிரண்டு மணி வாக்கில் ஃபீஸ் கவுன்டர் மூடியிருக்கும்போது போங்கள். பிள்ளையின் மார்க் ஷீட்டைக் கொண்டுபோக வேண்டாம், அது அவரிடமே இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து போங்கள். ஒருவர் மட்டும் போனால் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.